உறை மேல் ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெண் என் சித்தப்பா மகனுடைய மூத்த மகள். மாட்டுங்காவில் மண்டபம். நான் இருக்கும் செம்பூரிலிருந்து பெரிய தூரமில்லை. ஆனாலும் நான் போகவில்லை. நம்மைக் கூப்பிடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். கல்யாணம் முடிந்த நாலாம் நாள் தம்பி போன் செய்தார். "ஏன்ணே வரல? எல்லாரும் உங்களைத்தான் கேட்டாங்க" என்றார். பத்திரிகை வரவில்லையே என்றேன். "குரூப்ல போட்டிருந்தேனேண்ணே" என்றார்.

தேடிப் பார்த்தேன், இருந்தது. மேலே யாரோ அனுப்பிய காலை வணக்கம், கீழே மூட்டு வலிக்கு ஒரு கஷாயம், நடுவில் பி.டி.எஃப். அந்தக் குரூப்பில் 190 பேர் இருக்கிறோம்.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். பெண்ணைப் பெற்றவனுக்கு அந்த நேரத்தில் ஆயிரம் வேலை. ஆனால் அந்த அழைப்பில் 190 பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. ஒரு வாரமாக அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அச்சுத் தொழில் செய்தவன். 1971இல், 18 வயதில், சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பம்பாய்க்கு வந்தேன். அப்போது அது நெல்லை மாவட்டம், 2019 முதல் தென்காசி மாவட்டம். பத்து வருஷம் கம்பாசிட்டராக ஈய எழுத்துக் கோத்தேன். 1982இல் தாராவியில் ஒரு பழைய டிரெடில் மெஷின் வாங்கிப் போட்டுச் சொந்தமாக அச்சகம் தொடங்கினேன். 2016 வரை நடத்தினேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடை திறப்பு, கருமாதி என்று தாராவித் தமிழர் வீட்டு நல்லது கெட்டது பாதி என் மெஷினில் ஓடியிருக்கிறது. தொழில் போன ஆத்திரத்தில் எழுதுகிறான் என்று தயவு செய்து நினைக்க வேண்டாம். அந்தத் தொழில் என்னை நன்றாகவே வைத்திருந்தது, மகனைப் படிக்க வைத்தது. அச்சு எழுத்துக்காக நான் பேசவும் இல்லை. அச்சு எழுத்து யாருக்குப் போனாலும் ஒன்றுதான். அச்சடித்து முடித்த பிறகு பேனாவால் எழுதுவார்களே, அதற்காகத்தான் பேசுகிறேன்.

என் கடையில் கட்டிங் மெஷின் பக்கத்தில் ஒரு நீள பெஞ்சு கிடக்கும். பத்திரிகைக் கட்டு வாங்க வருகிறவர்கள் மை வாசம் போகாத கட்டைப் பிரித்து, முதல் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமிக்கென்று தனியாக வைப்பார்கள். அப்புறம் பலபேர் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து உறை எழுத ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் அவ்வளவு இடம் ஏது? பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் இருந்த காலம். எழுதும்போது சந்தேகம் வரும், என்னைக் கேட்பார்கள். "அண்ணாச்சி, மாமா தவறிட்டாரு. அத்தைக்கு எப்படிப் போடணும்? மகன் பேருக்குப் போட்டா போதுமா?" அத்தை பெயரையே போடுங்கள், மகனுக்குத் தனியாக ஒன்று கொடுங்கள் என்பேன். "இவர் என்னைவிட வயசுல சின்னவர், ஆனா முறையில சித்தப்பா. உயர்திருன்னு போடவா, திருன்னு போடவா?" சித்தப்பா என்றால் சித்தப்பாதான், உயர்திரு போடுங்கள் என்பேன்.

ஒருவர் தன் கூடப் பிறந்த அண்ணனுக்கு எழுதிய உறையில் "குடும்பத்துடன்" என்ற சொல்லை எழுத மறந்துவிட்டார். முந்நூறு உறை எழுதிய கை அசந்துபோய் அந்த ஒன்றில் விட்டுவிட்டது. அண்ணன் தனியாக வந்தார், சாப்பிட்டார், மொய் வைத்தார், போய்விட்டார். இரண்டு வீட்டுப் பெண்களும் இரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. இதைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்பார்கள். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஒரு சொல்லைத் தேடிப் பார்க்கிற அளவுக்கு அந்த உறையை அவர்கள் கையில் வைத்துப் படித்திருக்கிறார்கள்.

பத்திரிகையின் அடியில் ஒரு வரி போடுவோம். இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்று வர வேண்டுமென்று. அதை எத்தனை நூறு தடவை கோத்திருப்பேனோ, கணக்கில்லை. நேரில் வர முடியவில்லையே என்ற கூச்சத்தில் பிறந்த வரி அது. தம்பியின் பி.டி.எஃப்.பிலும் அந்த வரி அப்படியே இருந்தது.

இதற்கு முன்னால் இன்னொரு வேலையும் செய்தேன். கம்பாசிட்டராக இருந்த காலத்தில், தாராவித் தோல் கிடங்குகளில் வேலை பார்த்த நம் ஊர்க்காரர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் வந்து இன்லண்ட் லெட்டரை நீட்டுவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். காசு வாங்கியதில்லை, டீ வாங்கித் தருவார்கள். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, அம்மா, அப்பா, தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பெரியவர், கடைசியாகப் பசுமாடு வரைக்கும் விசாரித்துவிட்டு, "நிற்க" என்று ஒரு சொல் எழுதுவோம். அதற்குப் பிறகுதான் சொல்ல வந்த விஷயம். கடன் கேட்டு எழுதுகிறவனும் "நிற்க" வரும்வரை கடனைப் பற்றிப் பேச மாட்டான். எதிராளி எப்படி இருக்கிறார் என்று கேட்டு முடித்த பிறகே தன் காரியத்துக்கு வர வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் தனியாகப் பாடம் நடத்தவில்லை. கடிதம் எழுதி எழுதியே அது வந்தது.

ஆனால் அடுத்தவர் கையால் எழுதும் கடிதத்தில் பாதிதான் வரும். இது எழுதிக்கொடுத்த எனக்குத் தெரியும். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, "அது வேண்டாம், விடுங்க" என்பார். என் குடும்பத்துக்குள்ளேயே அப்படி ஒன்று நடந்தது. அதை நான் இருபது வருஷம் அறியாமல் இருந்தேன்.

என் அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. ஊரிலிருந்து வரும் கடிதமெல்லாம் வாத்தியார் கையெழுத்தில் இருக்கும். "இங்கு அனைவரும் நலம்" என்று அழகாக எழுதியிருப்பார். நான் மாதாமாதம் மச்சான் பெயருக்கு மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்தேன். 90களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ராத்திரி நேரத்தில் பெண்களை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அக்காவும் போனாள். அப்போது அவளுக்கு 44 வயது. சில மாதம் கழித்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒவ்வொரு எழுத்தும். நாலு வரியில் தாள் நிறைந்துவிட்டது. "தம்பிக்கு அக்கா எழுதுவது. நீ அனுப்புற ரூவா எங்கைக்கு வரல. இனி எம்பேருக்கே அனுப்பு. யாருகிட்டயும் சொல்லாத."

டிரெடில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். இருபது வருஷமாக அவள் நலம் என்று எழுதச் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் மச்சான் நின்றிருக்கிறார்.

அடுத்த மாதத்திலிருந்து அக்கா பெயருக்கு அனுப்பினேன். மணியார்டருக்கு ஒரு ஏற்பாடு உண்டு, இளையவர்களுக்குத் தெரியாது. பணத்தை வாங்கியவர் கையெழுத்துப் போட்ட ரசீதுத் துண்டு, அனுப்பியவருக்கே தபாலில் திரும்பி வரும். அவ்வளவு நாளும் மச்சான் கையெழுத்து வந்த இடத்தில் அக்காவின் கையெழுத்து வர ஆரம்பித்தது. முதலில் கோணல்மாணலாக, போகப் போக நேராக. அந்தத் துண்டுகளை ஒன்றுகூட நான் தூக்கிப் போடவில்லை. பழைய முறை மணியார்டரும் 2015இல் நின்றுவிட்டது.

2005 ஜூலை 26 மழையை மும்பைக்காரர் யாரும் மறக்க முடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். மித்தி ஆறு பெருகி, என் அச்சகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். காகிதம், பத்திரிகை அட்டை எல்லாம் போச்சு. கடிதம் வைத்திருந்த டிரங்குப் பெட்டியும் முங்கிவிட்டது. மைப் பேனாவில் எழுதிய கடிதமெல்லாம் நீலத் தண்ணீராகக் கரைந்துவிட்டது. அம்மாவுக்காக வாத்தியார் எழுதியவை, நண்பர்கள் எழுதியவை, ஒன்றும் மிஞ்சவில்லை. அக்கா கையெழுத்துப் போட்டது பால்பாயின்ட் பேனாவில். தண்ணீர் வடிந்த பிறகு அந்தத் துண்டுகளை டிரெடில் மேலே பரப்பிக் காய வைத்தேன். இன்றும் படிக்கலாம்.

அந்தக் காலமே நல்ல காலம் என்று சொல்ல வரவில்லை. 1979இல் அம்மா இறந்த செய்தி தந்தியில் வந்தது. "மதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி" என்று. சீரியஸ் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ரயில் மாறி, பஸ் மாறி நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்றாக இருந்தால் வீடியோவிலாவது முகத்தைப் பார்த்திருப்பேன். போன் இருப்பது நல்லது, செய்தி உடனே போக வேண்டும். போன் செய்தியைச் சொன்ன பிறகும் கை செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

2022இல் என் மனைவி தவறினாள். குரூப்பில் எண்பதுக்கு மேல் செய்தி வந்தது. முக்கால்வாசி ஆர்.ஐ.பி., மீதி கைகூப்பும் படம். எல்லாவற்றையும் பார்த்தேன். அனுப்பியவர்கள் மேல் நன்றி உண்டு. ஆனால் ஒன்றுகூட அவளைப் பற்றி இல்லை. பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. கோட்டைப் பகுதியில் நான் முப்பது வருஷம் கடனுக்குக் காகிதம் வாங்கிய குஜராத்தி சேட் எழுதியது. அவர் என்னைவிட மூத்தவர், கை நடுங்கும். பில் புக்கில் ஒரு தாளைக் கிழித்து இந்தியில் அஞ்சாறு வரி. வசூலுக்குத் தாராவி வரும்போதெல்லாம் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டில் மோர் கிடைக்கும், கறிவேப்பிலையும் இஞ்சியும் போட்ட மோர், அதை நினைத்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தார். என் மனைவி அப்படி மோர் கொடுத்துக்கொண்டிருந்தது எனக்கே மறந்துபோயிருந்தது. தாளை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்து உட்கார்ந்தால்தான் அப்படி ஒரு மோர் ஞாபகத்துக்கு வரும். மகனும் மருமகளும் படித்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் மோர் குடித்தோம்.

இனி நம் பிள்ளைகளுக்கு வருகிறேன். என் மகன் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவன். அவன் மகளுக்கு 11 வயது, ஆங்கிலப் பள்ளி. வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவாள். எழுத்து தெரியாது. ஊரில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து பஸ் போர்டிலும் கடைப் பலகையிலும் சுவரொட்டியிலும் தானாகக் கண்ணில் படும். இங்கே எதிலும் படாது. முன்பு மும்பைத் தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு எதற்காக எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் இருக்கும் ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் கடிதத்தின் கடைசியில் இரண்டு வரியாவது தன் கையால் எழுத வேண்டும் என்பதற்காகத்தான். அந்த இரண்டு வரி நின்றது, எழுத்தும் நின்றது.

போன வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்திக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். பொங்கலுக்கு என் அக்காவுக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதச் சொன்னேன். முதலில் போன தபால் நிலையத்தில் கார்டு இல்லை என்றார்கள். அடுத்ததில் கிடைத்தது. ஒரு கார்டு இன்னும் 50 பைசாதான். அஞ்சு ரூபாய்க்குப் பத்து வாங்கினேன். மூன்று வரி எழுத அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஓரத்தில் ஒரு கரும்பு வரைந்தாள். முகவரி எழுதும்போது, "ஏன் தாத்தா நமக்கு 4, ஆச்சிக்கு 6?" என்று கேட்டாள். 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்த கதையைச் சொன்னேன். அந்த முறையைக் கொண்டுவந்த வேலங்கர் ஒரு மராட்டியர், சமஸ்கிருதப் புலவர். இந்த நாட்டில் ஒரே பெயரில் எத்தனையோ ஊர், எத்தனையோ மொழியில் முகவரி, அதனால் எல்லாருக்கும் படிக்கத் தெரிந்த எண்ணாகப் போட்டார்கள். 627 என்று தொடங்கினால் அது நம்ம சீமைப் பக்கம் என்றேன். அதற்கு முன்பு ஊர்ப் பெயருக்குக் கீழே "வழி: சங்கரன்கோவில்" என்று எழுதுவோம் என்றும் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் அக்காவிடமிருந்து போன். என்னிடம் பேசவில்லை, பிள்ளையைக் கூப்பிடு என்றாள். "ஏட்டி, பொங்கலுக்குச் சின்ன 'ல' போடணும். நீ குண்டு 'ள' போட்டிருக்க" என்றாள். 44 வயதில் எழுத்துக் கற்றவள், 76 வயதில் பேத்திக்குப் பிழை திருத்தினாள். இரண்டு வாரத்தில் அவள் கையாலேயே பதில் கார்டும் வந்தது. பேத்தி அதைக் கீழே தபால் பெட்டியிலிருந்து எடுத்து, மாடி ஏறும் வரை பொறுக்காமல் லிஃப்டுக்குப் பக்கத்திலேயே நின்று எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். அவள் தானாகப் படித்த முதல் தமிழ்க் கடிதம் அது. இப்போது மாதம் ஒரு கார்டு போகிறது. 'ல' சரியாகிவிட்டது, 'ழ' இன்னும் வரவில்லை.

கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. 2013 ஜூலையில் தந்தி நின்றது. 2025இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. டென்மார்க்கில் 1624இல் தொடங்கிய தபால் சேவை, 2025 கடைசியோடு கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டது. எழுதுகிற ஆள் குறைந்தால் இங்கும் ஒரு நாள் அந்த 50 பைசா கார்டு இல்லாமல் போகும். இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

நிற்க. தங்களிடம் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் தங்கள் மும்பைப் பதிப்பில் கால் பக்கம் ஒதுக்கி, இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் ஊருக்கு எழுதும் வாழ்த்து அட்டைகளைப் படமெடுத்து அப்படியே போடுங்கள். தயவு செய்து தட்டச்சு செய்து பிழை திருத்திப் போட வேண்டாம். குண்டு 'ள' போட்டிருந்தால் குண்டு 'ள'வோடே வரட்டும், ஊரில் இருக்கும் ஆச்சிகள் திருத்திக்கொள்வார்கள். கல்யாணம் வைத்திருக்கும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பி.டி.எஃப். தாராளமாக அனுப்புங்கள். கூடவே ஐம்பது உறையாவது வாங்கி, பெரியவர்கள் பெயரையும் "குடும்பத்துடன்" என்ற சொல்லையும் உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். என் சித்தப்பா மகனுக்கு இன்னொரு பெண் இருக்கிறாள். அவள் கல்யாணத்துக்கு உறை எழுத நான் வந்து உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தையும் கையால்தான் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்பவருக்கு ஒரு குறிப்பு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பே எழுதப் பழகிய கை என்னுடையது. என் 'லை', 'னை', 'ணை' எல்லாம் முன்னால் துதிக்கை வளைந்த பழைய எழுத்தாக இருக்கும். என்னைவிட நாலு வயது மூத்த அக்கா 90களில் கற்றதால் புது எழுத்து எழுதுகிறாள், எனக்குத்தான் மாற்ற வரவில்லை. புரியாத இடம் இருந்தால் ஒரு கார்டு போட்டுக் கேளுங்கள், விளக்கி எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பழைய கம்பாசிட்டர் ஒருவன்,
செம்பூர், மும்பை.